தொலைவில் இருக்கும் ரிசீவர் மக்கர் பண்ணினால்: அறிகுறியைப் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது

ஊரில் மொட்டை மாடியில் ஆன்டெனா, அதற்குக் கீழே ஒரு பெட்டிக்குள் ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி (இனி வெறும் 'பை'), அதில் செருகிய ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், அதாவது கணினியை ரேடியோ ரிசீவராக்கும் யூஎஸ்பி துண்டு. இணையம் வழியே அதைக் கேட்கும் நீங்கள் இருப்பது வேறு ஊரில், சில பேருக்கு வேறு நாட்டில். கொஞ்சம் அதிகம் செலவழித்தவர்கள் கிவி எஸ்டிஆர் வைத்திருப்பார்கள். அது பீகிள்போன் என்ற சின்னக் கணினிப் போர்டின் மேல் உட்காரும் 14 பிட் ரிசீவர், 30 மெகாஹெர்ட்ஸ் வரை மொத்தச் சிற்றலையையும் ஒரே மூச்சில் பிடிக்கும். எதுவாக இருந்தாலும் பழுது வரும்போது பிரச்சினை ஒன்றுதான்: கருவி அங்கே, நீங்கள் இங்கே, ஒரு ஒயரை ஆட்டிப் பார்க்கக்கூட வழியில்லை.

அதனால் முதல் விதி: எடுத்தவுடன் ரீபூட் பண்ணாதீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அது பரவாயில்லை. தொலைவில் இருக்கும் கருவியில் அது தடயத்தை அழிக்கும் வேலை. யூஎஸ்பி எப்போது அறுந்தது, மின்னழுத்தம் எப்போது இறங்கியது என்று லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் பதிவுகள் ரேமில் இருக்கின்றன, ரீபூட் ஆனதும் போய்விடும். கருவி திரும்ப வேலை செய்யும், இரண்டு நாள் கழித்து அதே பழுது திரும்ப வரும், அப்போதும் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. உள்ளே நுழைய முடிகிறதென்றால் அந்தப் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து உங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள், வாட்டர்ஃபாலை (எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று ஓடிக்கொண்டே காட்டும் படத்தை) ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் மற்றதெல்லாம்.

இரண்டாவது, நெட்வொர்க்கையோ ஃபயர்வாலையோ தொடுவதற்கு முன் "பத்து நிமிடம் கழித்து ரீபூட்" என்று ஷட்டவுன் கட்டளையில் நேரம் குறித்துவிடுங்கள். மாற்றத்தை நிரந்தரமாகச் சேமிக்காமல் செய்து பாருங்கள். சரியாக வந்தால் ரீபூட்டை ரத்து செய்துவிட்டுச் சேமிக்கலாம். தவறான விதியைப் போட்டு நீங்களே உங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். பஸ் ஏறி ஊருக்குப் போவதை விடப் பத்து நிமிடம் காத்திருப்பது மலிவு.

பக்கமே திறக்கவில்லை

முதலில் கருவி செத்துவிட்டதா, வழி செத்துவிட்டதா என்று பிரிக்க வேண்டும். அங்கே வீட்டில் ஆள் இருந்தால் அவர்கள் போனை வைஃபையில் போட்டு ரிசீவரின் உள்முகவரியைத் திறக்கச் சொல்லுங்கள். கிவிக்கும், டாங்கிளை பிரவுசரிலேயே கேட்கவைக்கும் ஓப்பன்வெப்ஆர்எக்ஸ் மென்பொருளுக்கும் போர்ட் 8073 தான் வழக்கம். உள்ளே திறக்கிறது, வெளியே திறக்கவில்லை என்றால் ரிசீவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பிரச்சினை ரௌட்டரிலோ இணைய நிறுவனத்திலோ இருக்கிறது. இதையே தலைகீழாகவும் நினைவில் வையுங்கள்: வீட்டுக்குள் இருந்துகொண்டு வெளி ஐபியைப் போட்டால் பல ரௌட்டர்கள் திருப்பி விடாது, அதனால் "திறக்கவில்லை" என்று வீட்டிலிருப்பவர் சொன்னால் எந்த முகவரியைப் போட்டார் என்று கேளுங்கள்.

ரௌட்டர் பக்கத்தில் வெளி ஐபி என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் கதை முடிந்தது. இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் கட்டிவைத்திருக்கிறது, நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. நேற்று வரை வேலை செய்தது இன்று நின்றதென்றால், அவர்கள் சத்தமில்லாமல் உங்களை அந்தப் பக்கம் மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். நிலையான ஐபிக்கு மாதக் கட்டணம் கட்டலாம். இல்லாவிட்டால் உள்ளிருந்து வெளியே போகும் சுரங்கப்பாதை: வாடகை சர்வர் ஒன்றுக்கு பையிலிருந்து வயர்கார்ட் என்ற விபிஎன் இணைப்பு போட்டு, 25 விநாடிக்கு ஒருமுறை கீப்அலைவ் ('உயிரோடு இருக்கிறேன்' என்ற சின்னச் செய்தி) அனுப்பச் சொன்னால் பாதை திறந்தே இருக்கும். கிவிக்காரர்களுக்கு அவர்களுடைய ப்ராக்ஸி சேவையே இருக்கிறது.

வயர்கார்டில் ஒரு சூட்சுமம். எதிர்முனைக்குப் பெயர் கொடுத்திருந்தால் அந்தப் பெயரின் ஐபியை இணைப்பு எழும்போது மட்டும்தான் தேடும். பிறகு ஐபி மாறினால் பழைய முகவரிக்கே பாவம் தட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வீடு டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபிக்கு மாறாத பெயர் தரும் சேவை) வைத்து இணைத்திருப்பவர்கள் "ஒரு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் நின்றுவிடும், ரீபூட் பண்ணினால் சரியாகும்" என்று சொல்வதற்கு அநேகமாக இதுதான் காரணம். பெயரை மறுபடி தேடிப் புதுப்பிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் வயர்கார்ட் கருவிகளோடேயே வருகிறது, குறித்த நேரத்துக்கு ஒருமுறை வேலையை ஓட்டும் கிரானில் அதைப் போட்டுவிடுங்கள்.

உள்ளேயும் திறக்கவில்லை என்றால் விளக்குகளைக் கேளுங்கள். பேச்சு இப்படித்தான் போகும்:

"மாமா, அந்த டப்பாவுல சிவப்பு லைட் எரியுதா?"

"விட்டு விட்டு எரியுது மாப்ளே."

"பச்சை?"

"பச்சையைக் காணோம்."

போதும். பையில் சிவப்பு விளக்கு மின்சாரத்தைக் காட்டுவது. நிலையாக எரிய வேண்டியது. 3, 4 மாடல்களில் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது அணையும், அதுதான் விட்டு விட்டு எரிவதாகத் தெரிகிறது. அடாப்டரை மாற்றச் சொல்லுங்கள். சிவப்பு நிலையாக எரிந்து பச்சை மட்டும் அசையவே இல்லை என்றால் எஸ்டி கார்டு போயிருக்கலாம். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் கார்டு கெடுவது சகஜம். புதுக் கார்டில் எல்லாம் நிறுவி முடித்த கையோடு, பை அமைப்பு மெனுவில் இருக்கும் ஓவர்லே வசதியைப் போட்டுக் கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள், இன்னொரு கார்டில் அப்படியே நகல் எடுத்து அதே பெட்டிக்குள் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். அடுத்த முறை மாமாவிடம் "பழசைப் பிடுங்கிட்டு இதைச் செருகுங்க" என்று சொன்னால் வேலை முடிந்தது.

பக்கம் திறக்கிறது, ஆனால் டாங்கிள் இல்லை என்கிறது

புதிதாக நிறுவியதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது லினக்ஸின் சொந்த டிவி டிரைவரை. இந்த டாங்கிள்கள் டிவி பார்க்கத்தான் உருவானவை. ஆர்டிஎல்2832யூ சிப்பை ரேடியோவாக மாற்றலாம் என்பது பரவலாகத் தெரிந்ததே 2012-ல் தான். கர்னல் இன்னும் அதை டிவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் ரேடியோ மென்பொருள் கேட்டால் "பிழை மைனஸ் 6" என்று வரும். அந்த டிவி டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது. டிரைவரைத் தடுத்தும் அதே பிழை வருகிறதென்றால் வேறொரு நிரல் டாங்கிளை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறது. சோதனைக்காக ஓடவிட்ட ஆர்டிஎல்-டிசிபி (டாங்கிள் பிடிப்பதை அப்படியே நெட்வொர்க்கில் அனுப்பும் நிரல்) பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று காணாமல் போனால் அது மின்சாரம். விசிஜென்சிஎம்டி கட்டளையில் த்ராட்டில் நிலையை, அதாவது மின்சாரக் குறைவாலோ சூட்டாலோ பை வேகத்தைக் குறைத்ததா என்பதை, கேளுங்கள். வெறும் சுழியம் வந்தால் நல்லது. 50000 என்று முடிந்தால், இப்போது சரியாக இருக்கிறது ஆனால் பூட் ஆனதற்குப் பிறகு எப்போதோ மின்னழுத்தம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். 50005 என்றால் இந்த நிமிடமே இறங்கிக் கிடக்கிறது. ரீபூட் பண்ணினால் இந்த எண் சுழியமாகிவிடும் என்பதால்தான் முதலில் பாருங்கள் என்று சொன்னேன். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். போன் சார்ஜரில் 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் ஒல்லியான ஒயர் வழியே வரும்போது அரை வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும், எனவே அடாப்டரைத் திட்டுவதற்கு முன் கேபிளை மாற்றுங்கள்.

யூஎஸ்பி போர்ட்டுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திக் கொடுக்க யூஹப்சிடிஎல் என்ற சின்ன நிரல் இருக்கிறது. தொங்கிப்போன டாங்கிளை எழுப்ப அருமையான வழி. பை 4-ல் நாலு போர்ட்டும் சேர்ந்தேதான் அணையும், ஆகவே அதில் ஹார்ட்டிஸ்க் செருகியிருந்தால் ஜாக்கிரதை.

ஒலி விட்டு விட்டு வருகிறது

கணக்குப் போடுங்கள். ஆர்டிஎல்-டிசிபியில் விநாடிக்கு 24 லட்சம் சாம்பிள் எடுக்கிறீர்கள், ஒவ்வொன்றும் 2 பைட், ஆக விநாடிக்கு 48 லட்சம் பைட், அதாவது சுமார் 38 மெகாபிட். அது ஊர் வீட்டு இணைப்பின் அப்லோடு. 100 மெகாபிட் பிளான் என்று பெருமையாகச் சொல்வார்கள், அது டவுன்லோடாக இருக்கும். இந்த ஓட்டத்தில் கொஞ்சம் பிசகினாலும் ஒலி கிழியும். சாம்பிள் வேகத்தை 2.5 லட்சத்துக்கு இறக்கினால் 4 மெகாபிட்டில் அடங்கும், ஆனால் வாட்டர்ஃபால் அகலம் கால் மெகாஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால் கச்சா சாம்பிளை இணையத்தில் அனுப்புவதே வீண்வேலை. ஒலியைப் பிரித்தெடுக்கும் வேலையை அங்கேயே செய்துவிட்டு ஒலியையும் படத்தையும் மட்டும் அனுப்பும் ஓப்பன்வெப்ஆர்எக்ஸுக்கு மாறுங்கள். போன் டேட்டாவிலேயே கேட்கலாம்.

அப்படி மாறிய பிறகும் கிழிகிறதென்றால் எந்த நேரத்தில் கிழிகிறது என்று பாருங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மட்டும் என்றால் அது நெட்வொர்க் இல்லை, சூடு. பை 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும். வெயிலில் இருக்கும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் சித்திரை மாதத்தில் அது ஒன்றும் பெரிய உயரமில்லை. பையை வீட்டுக்குள் நிழலில் வைத்துவிட்டுக் கோஆக்ஸ் கேபிளை நீட்டிக்கொள்வதுதான் நல்லது. சிற்றலையில் பத்து இருபது மீட்டர் கூடுதல் கேபிளால் பெரிதாக ஒன்றும் இழப்பதில்லை.

இரவு எட்டிலிருந்து பத்து வரை கிழிந்தால்? ஊரே வீடியோ பார்க்கும் நேரம் அது. பொறுங்கள்.

வாட்டர்ஃபால் ஓடுகிறது, ஒன்றும் கேட்கவில்லை

இதைத் தொலைவிலிருந்தே கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது: பகல் இரவு வித்தியாசம். ஆன்டெனா உயிரோடு இருந்தால் 5, 6 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பகலில் அடங்கிக் கிடந்து, பொழுது சாய்ந்ததும் பின்னணி இரைச்சல் தானாக ஏறும், வாட்டர்ஃபாலில் ஒலிபரப்பு நிலையங்கள் பளிச்சென்று வரிசைகட்டும். இருபத்து நாலு மணி நேரமும் இரைச்சலின் தரைமட்டம் கோடு போட்டதுபோல் ஒரே அளவில் இருந்தால் ரிசீவர் தன் சொந்த இரைச்சலைத்தான் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது, ஆன்டெனா அதோடு பேசவில்லை. கிவியில் எஸ் மீட்டர் காட்டும் சிக்னல் அளவை மணிக்கொருமுறை எழுதிவைக்கும் வழக்கம் இருந்தால் எந்த நாளில் பேச்சு நின்றது என்பதும் தெரிந்துவிடும்.

ஆன்டெனா அடியில் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் முதலில் அதற்கு மின்சாரம் போகிறதா பாருங்கள். கோஆக்ஸ் வழியே மின்சாரம் கொடுக்கும் பயாஸ்-டீ வசதி டாங்கிளில் ரீபூட்டுக்குப் பிறகு தானாக ஆன் ஆகாது. மென்பொருளில் அதை ஆன் பண்ணச் சொல்லியிருக்க வேண்டும். கரண்ட் போய் வந்த பிறகு காது கேட்காமல் போனால் பத்தில் ஒன்பது முறை இதுதான்.

டாங்கிளை இப்போதுதான் மாற்றினீர்களா? ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி4 வாங்கிப் பழைய டிரைவரோடு செருகினால் மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும், வாட்டர்ஃபாலும் ஓடும், ஆனால் வர வேண்டியது வராது. உள்ளே டியூனர் வேறு, அதற்கான புது டிரைவர் வேண்டும். முந்தைய வி3-ல் சிற்றலை கேட்க, டியூனரைத் தாண்டி நேராகச் சிக்னல் எடுக்கும் டைரக்ட் சாம்பிளிங்கில் க்யூ கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மறந்தால் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வெறும் மயானம்.

மழைக்கு அப்புறம் மந்தமாகி வெயில் அடித்தால் மெதுவாகத் தேறுகிறதென்றால் கனெக்டருக்குள் தண்ணீர். ஐப்பசி மழையில் இது நிச்சயம் வரும். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு வெயிலுக்குத் தாங்காது, தானே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி அதன்மேல் சாதா டேப் போட வேண்டும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு கீழே தொங்க விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிளுக்குள்ளேயே ஈரம் ஏறி உள்பின்னல் பச்சை பிடித்திருந்தால் டேப்பெல்லாம் வேலைக்கு ஆகாது, அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

இடி மின்னலுக்கு அடுத்த நாள் பலமான நிலையங்கள் மட்டும் மெல்லிசாகக் கேட்டு மற்றதெல்லாம் காணாமல் போனால் டாங்கிளின் முன்பகுதி கருகிவிட்டது. நேரடியாக இடி விழ வேண்டுமென்பதில்லை, பக்கத்துத் தெருவில் விழுந்தாலே போதும். டாங்கிளை மாற்றுங்கள், அப்படியே வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எர்த் செய்த மின்னல் அரெஸ்டர் ஒன்றும் போடுங்கள்.

இருக்கக்கூடாத இடத்தில் எல்லாம் நிலையங்கள்

விமானப் பட்டையில் போய் நின்றால் எஃப்எம் பாட்டு கேட்கிறது. வானிலைச் செயற்கைக்கோள் வரும் 137 மெகாஹெர்ட்ஸில் யாரோ விளம்பரம் படிக்கிறார். ரிசீவருக்குள் அளவுக்கு மீறி சிக்னல் நுழைந்து ஒன்றோடொன்று கலக்கிறது. டாங்கிள் வெறும் 8 பிட், 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும் உள்ளூர் எஃப்எம் கோபுரங்களைத் தாங்கும் சக்தி அதற்குக் கிடையாது.

நிச்சயம் செய்துகொள்ள கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைத்துப் பாருங்கள். கெயினை 10 டெசிபல் குறைத்தால் உண்மையான நிலையமும் ஏறக்குறைய 10 டெசிபல்தான் குறையும். கலப்பில் பிறந்த போலி 20, 30 டெசிபல் சரிந்து மறைந்துவிடும். டாங்கிளில் கெயினை உச்சத்தில், அதாவது 49.6-ல் வைத்துவிட்டு "பவர்ஃபுல்லா இருக்கு" என்று சொல்பவர்கள் நிறைய. ஆட்டோவிலும் விடாதீர்கள். ஒன்றுமில்லாத அலைவரிசையில் நின்றுகொண்டு கெயினைக் கீழிருந்து ஏற்றுங்கள், ஆன்டெனாவிலிருந்து வரும் இரைச்சல் தரைமட்டத்தைத் தூக்க ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்குமேல் ஏற்றுவதெல்லாம் நஷ்டம். அப்படியும் போகவில்லை என்றால் எஃப்எம் பட்டையைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்று, சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும்.

சிற்றலையில் இதே தொல்லையை மத்திய அலை தரும். எடுத்துக்காட்டாக 720 கிலோஹெர்ட்ஸும் 936-ம் இரண்டுமே பலமாக விழும் இடத்தில் அவை கூடி 1656-லும், 936-ன் இரட்டிப்பிலிருந்து 720 கழிந்து 1152-லும் ஆள் காட்டும். கிவியில் எஸ் மீட்டர் பக்கத்தில் ஓவி என்ற எழுத்து வந்து வந்து போனால் ரிசீவர் நிரம்பி வழிகிறது. கிவி 2-ல் 31.5 டெசிபல் வரை குறைக்கும் அட்டென்யுவேட்டர் உள்ளேயே இருக்கிறது, தொலைவிலிருந்தே திருகலாம். பழைய கிவிக்கு வெளியே ஃபில்டர் வைக்க வேண்டும்.

வி3-ன் டைரக்ட் சாம்பிளிங்கில் இன்னொரு வகைப் போலி உண்டு. அது 28.8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் சாம்பிள் எடுப்பதால் 14.4-ஐ நடுவாக வைத்து மேல்பாதி கீழ்பாதியின்மேல் மடிந்து விழும், 7.2-ல் இருக்கும் நிலையம் 21.6-லும் தெரியும். கெயினைக் குறைத்தாலும் இது மறையாது. 14.4-க்கு மேலோ கீழோ ஒரு பக்கத்தை மட்டும் விடும் ஃபில்டர்தான் மருந்து.

ஒரே இரைச்சல்

பாதிப் பேர் ஆன்டெனாவை மாற்றி மாற்றிச் செலவழிப்பது இந்த இடத்தில்தான், ஆனால் பழுது பெரும்பாலும் ஆன்டெனாவில் இல்லை, பக்கத்தில் இருக்கும் மின்சாமான்களில் இருக்கிறது. வாட்டர்ஃபாலை உற்றுப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாதகம். சமமான இடைவெளியில், ஐம்பது அறுபது கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக, செங்குத்துக் கோடுகள் வரிசையாக நின்றால் ஏதோ ஒரு சுவிட்சிங் அடாப்டர். அந்தக் கோடுகள் தடித்து, நெளிந்து, மெதுவாக நகர்ந்தால் அதே சங்கதிதான், மலிவான அடாப்டர் அல்லது எல்இடி பல்பு. காலையில் வெயில் ஏறும்போது ஏறி மாலையில் இறங்கினால் மாடியில் சோலார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒலியில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் மின்கம்பியில் எங்கோ தீப்பொறி. தோப்பு வீட்டில் மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் முழுப் பட்டையும் வெளுத்தால் மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பாருங்கள்.

சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மாலையில் வரும் பட்-பட் வெடிப்பு இடிமேகத்தின் வேலை, அதைச் சரிசெய்ய ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டில் ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு மற்ற நாட்டுக்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பது மணிக்கு ஏரியா முழுக்கக் கரண்ட் போகும், முன்கூட்டியே அறிவித்தும் விடுவார்கள். ரிசீவரும் ரௌட்டரும் பேட்டரியில் ஓடும்படி செய்து வைத்திருந்தால் எட்டே முக்காலுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட், ஒன்பதரைக்கு ஒன்று, கரண்ட் வந்ததும் ஒன்று. நடுவில் எடுத்ததுதான் உங்கள் ஆன்டெனாவின் உண்மையான தரம். அது சுத்தமாக இருந்தால் ஆன்டெனாவுக்கு இன்னும் ஒரு பைசா செலவழிக்காதீர்கள். அப்போதும் இரைச்சல் குறையவில்லை என்றால் அதை உண்டாக்குவது உங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வீட்டு இன்வெர்ட்டரில் ஓடவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், குறிப்பாகச் சதுர அலை இன்வெர்ட்டரில். தெருவின் இரைச்சல் போய் இன்வெர்ட்டரின் இரைச்சல் வந்து உட்காரும். தனி 12 வோல்ட் பேட்டரி, அதிலிருந்து லீனியர் ரெகுலேட்டர் வழியே 5 வோல்ட். ஒரு ஆம்பியருக்கு 7 வாட் சூடாகப் போகும், பெரிய ஹீட்சிங்க் போடுங்கள். சுவிட்சிங் முறையில் வோல்ட்டை இறக்கும் சின்ன பக் கன்வெர்ட்டர் பலகையைப் போட்டால் சூடாகாது, ஆனால் அதுவே ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர்.

தெருவா வீடா என்று பிரிக்க மின்தடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ரிசீவரும் ரௌட்டரும் அதே பேட்டரியில் ஓட, நீங்கள் வாட்டர்ஃபாலைப் பார்த்துக்கொண்டே போனில் மாமாவிடம் மெயின் ஸ்விட்சை ஒரு நிமிடம் இறக்கச் சொல்லுங்கள். இரைச்சல் அடங்கி வாட்டர்ஃபால் சட்டென்று கறுத்தால் திருடன் வீட்டுக்குள்தான். மெயினைத் திரும்ப ஏற்றிவிட்டு ஒவ்வொரு எம்சிபியாக இறக்கச் சொன்னால் எந்த அறை என்று தெரியும், அப்புறம் ஒவ்வொரு பிளக்காக. பெரும்பாலும் செட்டாப் பாக்ஸின் அடாப்டரிலோ, ஹாலில் இரவு பகலாக எரியும் சாமி விளக்கு எல்இடியிலோ போய் முடியும். சாமி விளக்கை அணைக்கச் சொல்லும் தைரியம் எனக்கில்லை, வேறு பிராண்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

திருடன் பக்கத்து வீட்டில் என்றால் அணைக்க முடியாது, இரைச்சல் ஏறிவரும் பாதையை அடைக்கலாம். அது காற்றில் வருவதைவிடக் கோஆக்ஸின் வெளிப்பின்னல் மேலும், நெட்வொர்க் கேபிள் மேலும் ஊர்ந்து வருவதுதான் அதிகம். 31 என்ற வகைக் கலவையில் செய்த ஃபெரைட் (காந்தப்பொருள்) வளையத்தில் கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி ஆன்டெனா பக்கம் ஒன்று, ரிசீவர் பக்கம் ஒன்று. நெட்வொர்க் கேபிளுக்கும் அடாப்டர் ஒயருக்கும் அதே மாதிரி. சந்தையில் கிடைக்கும் சின்ன கிளிப் ஃபெரைட்டில் ஒயர் ஒருமுறை நுழைந்து போனால் சிற்றலையில் அது ஒன்றும் செய்யாது, மனத்திருப்தி மட்டும்தான்.

அலைவரிசை தள்ளி நிற்கிறது

உலகமே ஒப்புக்கொண்ட ஒரு அடையாளத்தோடு ஒப்பிடுங்கள். சீனாவின் பிபிஎம் நேர நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, நம் பக்கம் 10-ல் நன்றாகவே விழும். அது 10.000-ல் துல்லியமாக நிற்கிறதா? பழைய மலிவு டாங்கிளில் அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகம் 50 பிபிஎம் (இது அந்த நிலையத்தின் பெயர் இல்லை, பத்து லட்சத்தில் 50 பங்கு என்ற அளவு) வரை தவறும், 137.9 மெகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 7 கிலோஹெர்ட்ஸ். வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் 1 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ படிகம் போட்டதில் அதே இடத்தில் 138 ஹெர்ட்ஸ்தான். அலைவரிசை ஏற ஏறத் தவறும் ஏறினால் படிகம், பிபிஎம் திருத்தம் போடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளி நின்றால், சிற்றலையை மேல் அலைவரிசைக்குத் தூக்கிக் கொடுக்கும் அப்கன்வெர்ட்டருக்குக் கொடுத்த கழிவு எண் தவறு. எதைத் திருத்துவதென்றாலும் டாங்கிள் கால் மணி நேரமாவது ஓடிச் சூடான பிறகு திருத்துங்கள்.

எஃப்டி8 தெரிகிறது, டிகோட் ஆகவில்லை

எஃப்டி8 என்பது ஹாம் ரேடியோக்காரர்கள் (பொழுதுபோக்காக அலைபரப்புபவர்கள்) சின்னச் செய்திகள் அனுப்பும் டிஜிட்டல் முறை. 14.074 மெகாஹெர்ட்ஸில் வாட்டர்ஃபால் நிறையக் கோடுகள், பட்டியல் காலி. கடிகாரம்தான். எஃப்டி8 15 விநாடித் துண்டுகளில் ஓடுகிறது, இரண்டு மூன்று விநாடி தவறினாலே ஒன்றும் பிரியாது. பை 4 வரை உள்ள மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, இணையம் வருவதற்கு முன் பூட் ஆனால் பழைய நேரத்தில் நிற்கும். இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி நிரலைப் போட்டு, நேரம் சரியான பிறகே டிகோடர் தொடங்கும்படி செய்யுங்கள். டிகோடர் அங்கே இல்லாமல் உங்கள் வீட்டுக் கணினியில் ஓடுகிறதென்றால் வேறு கதை: நேர வித்தியாசத்தைக் காட்டும் டிடி பத்தியில் எல்லா நிலையமும் ஒரே பக்கம், ஒரே அளவு, ஒன்றரை விநாடி என்று தள்ளி நின்றால் உலகம் முழுக்கக் கடிகாரம் கெட்டுப்போகவில்லை, ஒலி இணையத்தில் வந்து சேரும் தாமதம் அது. டிகோடரை ரிசீவர் பக்கமே கொண்டுபோய் வையுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே பட்டை மாறுகிறது

பேய் இல்லை, இன்னொரு கேட்பாளர். ஓப்பன்வெப்ஆர்எக்ஸில் ஒரு டாங்கிளை எத்தனை பேர் கேட்டாலும் எல்லோருக்கும் ஒரே பட்டைதான், ஒருவர் ப்ரொஃபைலை (எந்தப் பட்டை என்ற அமைப்பை) மாற்றினால் எல்லோருக்கும் மாறும். கிவியில் அந்தத் தொல்லை இல்லை, வழக்கமான அமைப்பில் நான்கு பேர் தனித்தனி அலைவரிசையில் இருக்கலாம். ஐந்தாவது ஆளாக நீங்களே வந்து "இடமில்லை" என்று பார்ப்பதுதான் அங்கே நடக்கும், சொந்தக்காரருக்கு ஒரு கடவுச்சொல் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கே தெரியாமல் யாரோ கேட்கிறார்கள் என்றால் ஆர்டிஎல்-டிசிபியின் 1234 போர்ட்டை வெளியே திறந்து வைத்திருக்கிறீர்களா பாருங்கள். அதில் கடவுச்சொல் என்ற விஷயமே கிடையாது, முதலில் வருபவர் ஓட்டுநர். உடனே மூடி வயர்கார்டுக்குள் மட்டும் வையுங்கள். பொதுமக்களுக்குத் திறந்து விடுவதாக இருந்தால் ஒலிபரப்பு, ஹாம், நேர நிலையங்கள் இருக்கும் பட்டைகளுக்கு மட்டும் ப்ரொஃபைல் போடுங்கள்; அடுத்தவருக்கான செய்தியை இடைமறிப்பது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் குற்றம், ஆன்டெனா இருப்பது உங்கள் மாடியில்.

பட்டைச் சண்டை தாங்காமல் இரண்டாவது டாங்கிள் வாங்கிச் செருகியவர்களுக்கு அடுத்த பழுது காத்திருக்கிறது: கரண்ட் போய் வந்ததும் விஎச்எஃப் (30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான பட்டை) டாங்கிள் சிற்றலையாகவும் சிற்றலை விஎச்எஃப்பாகவும் மாறிக்கிடக்கும், இரண்டும் செவிடு. தொழிற்சாலையிலிருந்து பல டாங்கிள்கள் 00000001 என்ற ஒரே வரிசை எண்ணோடுதான் வருகின்றன, எது முதலில் எழுந்ததோ அது முதல் டாங்கிள் ஆகிவிடும். ஆர்டிஎல்-ஈப்ராம் நிரலால் ஒன்றுக்கு வேறு எண் எழுதுங்கள், எழுதும்போது அந்த ஒன்று மட்டும் செருகியிருக்கட்டும், பிடுங்கித் திரும்பச் செருகினால்தான் புது எண் தெரியும். அதனால் இதை மட்டும் ஊருக்குப் போகும்போது செய்யுங்கள்.